மாவு மில் சத்தம் வரும்வரை

அந்தத் துணிப்பையைப் பார்த்துத்தான் கேட்டேன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிலரங்கம் என்று போட்டிருக்கிறது. உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, நிகழ்ச்சி நிரல் இருக்கும். பேனா இரண்டு நாளைக்கு மேல் எழுதாது. எனக்குத் தெரியும். நீங்கள் போய்விட்டு வருகிற அதே பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருஷம் அந்தப் பைகளை நிரப்பியவன் நான்தான்.

எப்படி வந்து சேர்ந்தீர்கள்? வழி எழுதி அனுப்பினார்களா?

ஓ, போனில் புள்ளி அனுப்பினார்களா. நல்லதுதான். புள்ளி தப்புப் பண்ணினால் யாரையும் பிடித்துக் கேட்க முடியாது. என் காலத்தில் தப்பு நடந்தால் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தான். அது நான்தான் சார். அருணகிரி. தட்டச்சராகச் சேர்ந்தேன், துறை அலுவலக உதவியாளராக ஓய்வு பெற்றேன். படிப்பு பத்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் துறைக்கு வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது நின்றுகொண்டே படித்தது.

நான் ஆலடிப்பட்டியில் இறங்கவேண்டும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இதோடு மூன்றாவது தடவை இந்தப் பேருந்தில் வருகிறேன். முதல் இரண்டு தடவையும் ஆலடிப்பட்டி வந்தது, நின்றது, போனது. நான் இறங்கவில்லை. கடைசி ஊர் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். உங்களிடம் சொன்னால் பரவாயில்லை. நீங்களும் நானும் இனி ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

பயிலரங்கம் என்றால் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், வழிக்குறிப்பு, மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்புவோம். முதல் இரண்டையும் பேராசிரியர்கள் எழுதுவார்கள். வழிக்குறிப்பு என் பொறுப்பு. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் வருகிறவர் மடித்துச் சட்டைப்பையில் வைப்பது அதை மட்டும்தான். நான் நடந்து பார்க்காமல் ஒரு குறிப்பும் எழுதியதில்லை சார். பெருமைக்குச் சொல்லவில்லை.

எங்கள் துறை வளாகத்தின் பின்கோடியில் இருந்தது. முன்வாசல் வழியாக வந்தால் மூன்று கிலோமீட்டர். அதனால் வெளியூர்க்காரர்களைக் கருவேலங்குளம் விலக்கில் இறங்கச் சொல்வோம். அங்கிருந்து பின்வாசல் கால் மணி நேர நடை. டீக்கடை, வேப்பமரம், மஞ்சள் வீடு, மாவு மில், மில் ஓரமாக வலப்பக்கம் திரும்பினால் மண் சாலை, தண்ணீர்த் தொட்டி, வாசல். எல்லாருக்கும் இதுதான்.

முப்பது வருஷம் இருக்கும். நாட்டுப்புறப் பாடல்கள் பற்றி ஒரு பயிலரங்கம். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"அருணகிரி, தங்கையான்னு ஒருத்தர் வர்றார். தாலாட்டைக் கேட்டே எந்த ஊர்ப் பொம்பளை பாடினதுன்னு சொல்லிடுவார். கண்ணு தெரியாது. தனியாத்தான் வருவாராம். ஆள் அனுப்பினா கோபம் வருமாம். அவருக்குத் தகுந்த மாதிரி வழி எழுதிக் குடு."

நான் மூன்று நாள் எழுதினேன். மஞ்சள் வீட்டிலிருந்து கிழக்கே இருநூறு மீட்டர், தெற்கே முந்நூறு மீட்டர் என்று எழுதினேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி சீனியம்மாள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூளை உண்டு.

"ஏங்க, கண்ணு தெரியாதவருக்கு மஞ்சள் வீடு எதுக்கு?" என்றாள். "அவரு என்ன, வீட்டைப் பாத்துட்டு வெள்ளை அடிக்கலாம்னு சொல்லப்போறாரா?"

"வேற என்ன எழுதறது?"

"வாங்க."

விலக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ரோட்டில் சார், பட்டப்பகலில். நான் பத்தடி தள்ளியே நடந்தேன். கூட வருகிறவன் மாதிரியும் இருக்கவேண்டும், வராதவன் மாதிரியும் இருக்கவேண்டும். எங்கள் தெருக்காரன் ஒருவன் சைக்கிளில் வந்தவன் காலை ஊன்றி நின்று, "என்ன அண்ணே, மதினிக்குக் கண்ணு ஆபரேஷனா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். மைல்கல்லில் முழங்காலை இடித்துக்கொண்டாள். "மைல்கல்லு இருக்கு, எழுதுங்க. வலது கை ஓரம் வராமப் போகணும்." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "மில்லு சத்தம் முன்னாடியிருந்து வருது. நடந்தா வலது காதுக்கு ஏறுது. இந்தா, இப்ப முழுசா வலது காது. மிளகாய் நெடியும் வருது. இதான் திரும்புற இடம். எழுதுங்க." திரும்பினதும், "காலுக்கு மெத்துனு இருக்கு, மண் ரோடு. எண்ணுங்க," என்றாள். நூற்று நாற்பது காலடி. தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அங்கே இடது. அதற்கப்புறம் வாட்ச்மேன் ரேடியோ.

மூன்று தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று. நான் எழுதினேன். 'மாவு மில் சத்தம் வரும்வரை நேராக நடக்கவும். சத்தம் முழுவதும் வலது காதுக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்பவும்.' அழகாக வந்திருந்தது சார். இன்றைக்குப் படித்தாலும் ஒரு சொல்லை மாற்றத் தோன்றாது.

தங்கையா சார் அந்தக் குறிப்பை யாரையோ வாசிக்கச் சொல்லி, தொட்டுப் படிக்கிற எழுத்தில் குத்தி வைத்துக்கொண்டு வந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே வாசலில் நிற்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். முதல் பேச்சே, "உங்க வாட்ச்மேன் ரேடியோவுல ஸ்டேஷன் சரியா நிக்கலை. அதை மட்டும் குறிப்புல சேத்துக்குங்க." எல்லாரும் சிரித்தார்கள். யார் எழுதியது என்று கேட்டார். நம்ம அருணகிரிதான் என்றார் தலைவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எல்லாரும் கண்ணால வழி சொல்வாங்க. நீங்க காதால சொல்லியிருக்கீங்க. எப்படித் தோணிச்சு?"

"நடந்து பாத்தேன் சார்," என்றேன்.

நடந்தேன்தானே. பத்தடி தள்ளி நடந்தேன்.

சாயங்காலம் சீனியம்மாள் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"நல்லா இருந்துச்சுன்னாரு."

"யாரு சொன்ன வழின்னு கேட்டாரா?"

"அதெல்லாம் கேக்கலை."

"வந்து சேந்தாருல்ல. அது போதும்," என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

என்ன சார் கேட்டீர்கள்? குறிப்பு அவள் சொன்னதா என்றா? அவள் சொன்னாள். எழுதினது நான்தானே. பேசுவது வேறு, எழுதுவது வேறு. உங்களுக்குத் தெரியாததா.

அடுத்த வருஷமும் அவரைக் கூப்பிட்டோம். தலைவர் சொன்னார், "பழைய குறிப்பையே அனுப்பிடு, தேதியை மட்டும் மாத்து." மாற்றினேன். உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி, மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வருகிறார் என்று.

"என்னைக்கு?"

"மூணாவது செவ்வாய்."

சோறு போட்ட கரண்டியோடு நின்றுவிட்டாள். "அன்னைக்குக் கரண்டு இருக்காதே. மாசாமாசம் மூணாவது செவ்வாய் காலையிலயிருந்து சாயங்காலம் வரைக்கும் கிடையாது. மில்லு ஓடாதுங்க. சத்தம் இல்லாம அவரு எங்க திரும்புவாரு?"

மாதாமாதம் மின் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள், தெரியுமே உங்களுக்கு. எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அது ஆபீஸில் மின்விசிறி ஓடாத நாள். அவளுக்கு அது மாவு அரைக்க முடியாத நாள்.

"அனுப்பியாச்சு," என்றேன்.

அனுப்பவில்லை சார். உறை இழுப்பறையில் இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு நாள் இருந்தது. பிரித்து இன்னொரு வரி அடித்தால் கால் மணி நேர வேலை. ஆனால் அவள் சொல்லி நான் மாற்றுவதா என்று ஒரு இது. நன்றாக இருக்கிற ஒன்றைக் கலைக்கவேண்டுமா என்று இன்னொரு இது. மூன்றாம் நாள் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அவள் விடவில்லை. அவர் வருவதற்கு முதல் நாள் மறுபடியும் வந்தாள். "நான் போய் விலக்குல நிக்கிறேங்க. அவரு எறங்கினதும் கொரல் குடுத்துக் கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போயிடுறேன். உள்ளகூட வரமாட்டேன்."

"துறைக்கு வர்ற விருந்தாளியை நீ போய்க் கூட்டிட்டு வருவியா? பாக்கிறவன் என்ன நினைப்பான்? பேசாம இரு."

பேசாமல் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் விலக்கில் இறங்கியிருக்கிறார். டீக்கடைக்காரர், "கூட வரட்டா சார்?" என்று கேட்டிருக்கிறார். "வேண்டாம், எனக்கு வழி தெரியும். மில்லு சத்தம் வரும்," என்று சொல்லியிருக்கிறார். அந்த டீக்கடைக்காரரும் யோசிக்கவில்லை பாருங்கள். தங்கையா சார் நடந்திருக்கிறார். சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நடந்திருக்கிறார். குறிப்பில் என்ன இருக்கிறது? சத்தம் வரும்வரை நேராக நடக்கவும்.

மில்லைத் தாண்டி நூறு அடியில் சாலையோரம் சிறுபாலத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. அதில் எச்சரிக்கைக்கு ஒரு சிவப்புத் துணி. சிவப்புத் துணி சார். அவருக்கு.

இடது கையும் கணுக்காலும் முறிந்தன. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

தலைவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "குறிப்புல ஏதாவது தப்பா?"

இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "போன வருஷம் இதே குறிப்புதான் சார், சரியா வந்தாரு. திரும்புற இடத்தைக் கவனிக்காம விட்டிருப்பாரு," என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே, "நாம பண்ணின தப்பு, தனியா வரவிட்டதுதான்," என்றார். உடனே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், இனிமேல் எல்லா அழைப்பிலும் கடைசியில் சேர்க்கச் சொல்லி. 'பார்வையற்ற அறிஞர்கள் துணையாளர் ஒருவருடன் மட்டுமே வருதல் வேண்டும்.' தட்டச்சு செய்தது யார்? நான்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

தங்கையா சாருக்கு அதற்கப்புறம் நான்கு தடவை அழைப்புப் போனது. நான்கு தடவையும் ஒரே மாதிரி அஞ்சல் அட்டை வந்தது. 'துணையாளர் கிடைக்கவில்லை. வர இயலாது.' நான்கையும் கோப்பில் வைத்தேன். ஐந்தாவது வருஷம் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மனிதர் ஊர் ஊராகத் தனியாகச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர் சார். அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பேர் வாங்கிக் கொடுத்தது நான். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். மில், கரண்டு, இழுப்பறை, எல்லாவற்றையும்.

வீட்டிலா? வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன். "தலைவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் சண்டை போடுகிறவள் இல்லை. முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். அந்த வாரம் இரண்டு மத்தியானம் அவள் வீட்டில் இல்லை. பெரியாஸ்பத்திரியில் ஒன்றுவிட்ட அக்கா சேர்ந்திருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு போனாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் கவலை.

அடுத்த வருஷம் குறிப்பு எழுதும்போது, "மண் ரோட்டுல தார் போட்டுட்டாங்களா?" என்று அவளிடம் கேட்டேன். "நீங்களே நடந்து பாத்துக்குங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் எனக்கு எந்த வழியும் சொன்னதில்லை. நான் ஓய்வு பெறும்வரை எழுதினேன். யாரும் குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி. ஒரு காலை நேரம், குழாயடியில். பிள்ளைகள் கிடையாது எங்களுக்கு.

அவளுடைய பெட்டியை இந்தச் சித்திரையில்தான் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் இது இருந்தது. பாருங்கள், கார்பன் நகல். முதல் வருஷத்துக் குறிப்பு. ஆபீஸில் இருந்து நான் வீட்டுக்குக் கொண்டு வந்து எங்கேயோ போட்டதை எடுத்து வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவள் இதை எதற்கு வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததிலிருந்துதான் என்னால் இருக்க முடியவில்லை. தங்கையா சார் வேலை பார்த்த கல்லூரியில் கேட்டு ஊரைக் கண்டுபிடித்தேன். இரண்டு தடவை சொல்லாமல் வந்தேன், இறங்காமல் போனேன். போன வாரம், வேறு வழியில்லாமல், எண் வாங்கிப் போன் பண்ணினேன். சொல்லிவிட்டால் இறங்கித்தானே ஆகவேண்டும்.

"சார், நான் அருணகிரி. பல்கலைக்கழகத்துல வழிக்குறிப்பு எழுதினவன்."

"அருணகிரி," என்று பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம், "சீனியம்மா வீட்டுக்காரரா?" என்றார்.

"ஆமாங்க."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க சார். மூணு வருஷம் ஆச்சு."

எங்கேயோ கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னைக்கு வர்றீங்க?" என்றார். சொன்னேன். "நான் ஸ்டாப்புல வந்து நிக்கிறேன். எறங்கினதும் கொரல் குடுங்க," என்றார்.

என் மனைவி பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாரமாகக் குழப்பம் சார். துறையில் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் துறையில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. 'வீட்டில்' என்றுதான் சொல்வேன். 'வீட்டில் உடம்பு சரியில்லை', 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்'. பெயரைச் சொன்னதே இல்லை.

என்ன சார்? எந்த அக்காவா? பெரியாஸ்பத்திரியில் இருந்த அக்காவா?

அதுதான் சொன்னேனே, ஒன்றுவிட்ட அக்கா என்று. அவளுடைய பெரியப்பா மகள்... இல்லை. அவள் அப்பாதான் மூத்தவர். அம்மா வழியில்... அம்மா வழியிலும் அவள்தான்...

பொறுங்கள் சார்.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவள்தான் மூத்தவள். ஒன்றுவிட்டோ இரண்டுவிட்டோ அவளுக்கு அக்கா என்று யாரும் கிடையாது.

முப்பது வருஷம் சார். ஒரே வீட்டில். தூக்குச்சட்டியை நான்தான் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரியும். கரண்டு, மில், இழுப்பறை... இல்லை, இழுப்பறை தெரியாது. அவளுக்கே தெரியாதே, அனுப்பியாச்சு என்றுதான் அவளிடம் சொன்னேன். மற்றதெல்லாம் கஞ்சியோடு போய்ச் சொல்லியிருப்பாள். எனக்காக மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பாள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் விசாரணையில் சொன்னதைக் கேள்விப்பட்ட பிறகும் சொல்லவில்லை. துணையாளர் கிடைக்கவில்லை என்று எழுதினார், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, அவள் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, முழங்காலை இடித்துக்கொண்டு மூன்று தடவை நடந்தது அவள் என்று. தன்னைப் பற்றிச் சொல்கிறவள் இல்லை அவள். என் கையைப் பிடித்து அவர் சொன்ன வார்த்தையை நான் அவளிடம் கொண்டு போய்ச் சேர்க்கவே இல்லை சார். நல்லா இருந்துச்சுன்னாரு என்று முடித்துவிட்டேன்.

ஆலடிப்பட்டியா? அதற்குள் வந்துவிட்டதா?

அதோ சார், நிழற்குடைக்கு வெளியே, வெள்ளைச் சட்டை. தலை நரைத்துவிட்டது. குச்சியை மடக்கிக் கக்கத்தில் வைத்திருக்கிறார். கூட ஆள் யாரும் இல்லை. தலையைச் சாய்த்துப் பேருந்தைக் கேட்கிறார் பாருங்கள், ஒவ்வொரு ஜன்னலாக. நான் இப்படியே உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரியாது. யாரோ இரண்டு பேர் இறங்கினார்கள், நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். அவரால் என்னைப் பார்க்க முடியாது.

காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க சார்.

கண்டக்டர்! விசில் அடிக்காதீங்க! ஆள் இருக்கு! சீனியம்மா வீட்டுக்காரன் எறங்கணும்!